"கட்ட உதவியவர்கள்" என்ற சொல் சரிதானா? ஃபிரீமான்ட் கல்லறை நிலமும் ஓலோனி மக்களும்

நான்காம்வகுப்புத்தாய்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஃபிரீமான்ட்டுக்குக் குடிவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. என் மகள் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். கலிஃபோர்னியாவின் ஸ்பானிய மிஷன்களில் (பழங்குடிகளைக் கிறிஸ்தவர்களாக்கப் பாதிரியார்கள் நிறுவிய குடியிருப்புகள்) ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வரும்படி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். மிஷன் சான் ஹோசே எங்கள் வீட்டுக்கு அருகிலேயே இருப்பதால் அதையே எடுத்துக்கொண்டோம். சென்ற சனிக்கிழமை தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, வாஷிங்டன் சாலையோரம் உள்ள, இப்பகுதிப் பழங்குடிகளான ஓலோனி மக்களின் கல்லறை நிலத்துக்கும் போனோம். அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. இந்த மிஷனைக் கட்டப் பாதிரியார்களுக்கு உதவிய ஓலோனி குலத்தார் நாலாயிரம் பேர் இங்கே துயில்கிறார்கள், அவர்களுடைய நினைவு புனிதமாக இருக்கட்டும் என்பது அதிலுள்ள வாசகத்தின் பொருள்.

என் மகள் அதை இரண்டு முறை படித்தாள். உதவி செய்யப் போனவர்கள் எப்படி நாலாயிரம் பேர் இறந்துபோனார்கள் என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது ஒரு பக்கம் புனிதர்களின் தியாகம் என்றும் இன்னொரு பக்கம் இன அழிப்பு என்றும் இருக்கிறதே தவிர, ஒன்பது வயதுக் குழந்தைக்கு உண்மையாகச் சொல்லக்கூடியது எது என்று என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. இந்தக் குழுவில் இதைப் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் கேட்கிறேன். "உதவிய" என்ற அந்தச் சொல் சரிதானா?

ஏடுதேடி:

சகோதரி, உங்கள் மகள் கேட்ட கேள்விதான் இந்த வரலாற்றின் மையக் கேள்வி. சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

ஓலோனி என்பது ஒரே அரசின் கீழ் வாழ்ந்த ஒரு மக்களின் பெயரன்று. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவிலிருந்து தெற்கே மான்டரே வளைகுடாவுக்கு அப்பால் வரை பரவியிருந்த, ஏறத்தாழ ஐம்பது தனித்தனிச் சிறு குலங்களுக்குப் பிற்காலத்தில் ஏற்பட்ட பொதுப்பெயர் அது. ஒவ்வொரு குலத்துக்கும் தன் எல்லை, தன் தலைவர், தன் ஓக் தோப்பு, தன் மீன்துறை இருந்தன. சான் பிரான்சிஸ்கோவில் யெலாமு, கிழக்குக் கரையில் ஹூச்சியுன் என்று அவர்கள் தங்களைத் தங்கள் குலப்பெயரால்தான் அறிந்திருந்தார்கள். ஸ்பானியர்கள் எல்லோரையும் சேர்த்துக் "கரையோரத்தார்" என்று அழைத்தார்கள். மொழிகளும் ஒன்றல்ல, ரும்சென், முட்சுன், சோச்செனியோ, தாமியேன், ராமாய்துஷ் என உறவுடைய பல மொழிகள்.

1769-இல் கஸ்பார் தெ போர்த்தோலாவின் படை தரைவழியே வடக்கே வந்து வளைகுடாவைக் கண்டது. அடுத்த ஆண்டு மான்டரேயில் சான் கார்லோஸ் மிஷன் நிறுவப்பட்டது. பிறகு 1776-இல் சான் பிரான்சிஸ்கோ, 1777-இல் சான்டா கிளாரா, 1791-இல் சான்டா குரூஸும் சோலேதாதும், 1797-இல் சான் ஹோசேயும் சான் ஹுவான் பவுதிஸ்தாவும் வந்தன. கலிஃபோர்னியாவின் 21 மிஷன்களில் ஏழு ஓலோனி நிலத்தில் எழுந்தவை.

இப்போது உங்கள் சொல்லுக்கு வருகிறேன். தொடக்கத்தில் பலர் தாமாகத்தான் வந்தார்கள். கண்ணாடி மணிகளும் துணியும் இரும்புக் கருவிகளும் புதிய சடங்குகளும் அவர்களை ஈர்த்தன; குழந்தைகளுக்குத் திருமுழுக்குப் பெற்றுத் தந்த பெற்றோரும் உண்டு. ஆனால் திருமுழுக்கு என்பது திரும்பிச் செல்ல முடியாத ஒரு வாசல் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தலையில் நீர் ஊற்றப்பட்டவர் அந்தக் கணம் முதல் மிஷனுக்கு உரியவர். அனுமதியின்றி ஊருக்குப் போனால் அவர் தப்பியோடியவர். படைவீரர்கள் போய்ப் பிடித்துவருவார்கள். சவுக்கடியோ, கைகால்களை மாட்டிப் பூட்டும் தொழுமரமோ, கால்விலங்கோ காத்திருக்கும். பச்சைச் செங்கல் அறுப்பது, சுவர் எழுப்புவது, கோதுமை விதைப்பது, தோல் உரிப்பது, கொழுப்பு உருக்குவது, கம்பளி நெய்வது என எல்லாமே மணியோசைக்குக் கட்டுப்பட்ட வேலைகள். உணவும் உடையும் கிடைத்தன, கூலி கிடையாது. விலகிப் போக உரிமை இல்லாத ஒருவரின் உழைப்பை "உதவி" என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

கார்மல்யாத்ரிகன்:

நான் கத்தோலிக்கன், கார்மல் தேவாலயத்தில், இந்த மிஷன்களைத் தொடங்கிவைத்த பாதிரியார் ஹூனிப்பெரோ செர்ராவின் கல்லறை முன் மண்டியிட்டு ஜெபித்திருக்கிறேன். அதை மறைக்காமல் சொல்லிவிட்டே பேசுகிறேன். ஏடுதேடி அவர்கள் சொன்ன செய்திகளை நான் மறுக்கவில்லை. ஆனால் படைவீரர்களையும் பாதிரியார்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

செர்ரா 1771-இல் மிஷனை மான்டரே கோட்டையிலிருந்து கார்மல் ஆற்றங்கரைக்கு மாற்றினார். நல்ல நிலமும் நீரும் தேவைப்பட்டது ஒரு காரணம். படைவீரர்களிடமிருந்து பழங்குடிப் பெண்களைத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது இன்னொரு காரணம். 1773-இல் உடல்நலம் குன்றிய நிலையிலும் மெக்சிகோ நகரம் வரை சென்று, படையினரின் அத்துமீறல்களைப் பற்றி அரசப் பிரதிநிதி புக்காரெலியிடம் முறையிட்டார். இறப்புகளைப் பொறுத்தவரை, தட்டம்மையைப் பற்றி அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இருந்தவர்களுக்கே சரியாகத் தெரியாது. கொல்ல வேண்டும் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணமில்லாத இடத்தில் கொலை என்ற சொல்லை ஒரு குழந்தையின் கட்டுரையில் எழுதுவது நியாயமாகாது என்றே நினைக்கிறேன்.

ஏடுதேடி:

ஐயா, நீங்கள் மறைக்காமல் பேசுவதற்கு நன்றி. செர்ராவின் முறையீடு உண்மை. அதைக் குழந்தையிடமும் சொல்லலாம். ஆனால் அதே செர்ரா 1780-இல் ஆளுநர் நேவேக்கு எழுதிய கடிதத்தில், ஆன்மிகத் தந்தையர் தங்கள் பிள்ளைகளாகிய இந்தியர்களை, அதாவது அமெரிக்கப் பழங்குடிகளை, அடித்துத் திருத்துவது அமெரிக்காவைக் கைப்பற்றிய காலம் தொட்டு வரும் வழக்கம் என்று வாதிட்டிருக்கிறார் என்பதையும் சேர்த்தே வைக்க வேண்டும். வளர்ந்த மனிதர்களை என்றென்றைக்கும் குழந்தைகளாக வைத்திருந்த ஏற்பாடு அது. அந்தப் பாசம் உண்மையாகவே இருந்திருக்கலாம். சவுக்கும் உண்மை.

1786 செப்டம்பரில் லா பெரூஸ் என்ற பிரெஞ்சுக் கடற்பயணி மான்டரேயில் தங்கினார். பாதிரியார்களின் பக்தியையும் விருந்தோம்பலையும் அவர் புகழ்ந்தார். ஆனால் மிஷனைச் சுற்றிப் பார்த்தபோது தமக்குச் சான் தொமிங்கோ தீவின் அடிமைத் தோட்டங்களே நினைவுக்கு வந்தன என்றும், விலங்கிடப்பட்டவர்களையும் தொழுமரத்தில் மாட்டப்பட்டவர்களையும் கண்டதாகவும், சவுக்கின் ஓசையைக் கேட்டதாகவும், மன வருத்தத்தோடே எழுதினார். இதை எழுதியவர் மிஷன்களின் பகைவர் அல்லர்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஓலோனி மக்களே சொன்னது. 1795-இல் சான் பிரான்சிஸ்கோ மிஷனிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் ஓடிப்போனார்கள். ஆளுநர் தியேகோ தெ போரிகா விசாரிக்கச் சொன்னார். பிடிபட்டவர்களிடம் 1797-இல் ஏன் ஓடினீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதி வைத்தார்கள். அந்த வாக்குமூலங்கள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிகள்தான். ஒருவர் பசி என்றார். ஒருவர், நோயாக இருந்தபோதும் தொழுமரத்தில் போட்டார்கள் என்றார். ஒருவர் தம் சகோதரன் இறந்ததற்காக அழுதபோது அடித்தார்கள் என்றார். தம் மனைவியும் மகளும் இறந்தபின் அழுதுகொண்டிருந்ததற்காக ஐந்து முறை சவுக்கடி பெற்றதாகச் சொன்ன ஒருவரின் வாக்குமூலமும் அதில் உண்டு. துக்கம் காப்பதற்குக்கூட அந்தச் சுவர்களுக்குள் இடமில்லாமல் போனது. இதைப் படித்த நாளில் என்னால் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

நோயைப் பற்றி நீங்கள் சொன்னதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. கிருமிகளைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது என்பது சரி. ஆனால் நெரிசலான குடியிருப்பில் மக்கள் செத்துக்கொண்டிருப்பதைப் பாதிரியார்களே நாள்தோறும் இறப்புப் பதிவேட்டில் எழுதினார்கள். மணமாகாத பெண்களையும் சிறுமிகளையும் இரவில் "மோன்ஹெரியோ" என்ற பூட்டிய கூடத்தில் அடைத்து வைத்தார்கள். காற்றோட்டமும் கழிப்பிட வசதியும் குறைந்த அந்தக் கூடங்களில் நோய் எளிதாகப் பரவியது. படைவீரர்கள் வழியே வந்த மேகநோயால் பிறப்புகள் குறைந்தன. பிறந்த குழந்தைகளும் நிலைக்கவில்லை. 1806-இல் வந்த தட்டம்மையில், வளைகுடாப் பகுதி மிஷன்களில் இருந்தவர்களில் ஏறத்தாழக் கால்பங்கினர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள். நோய் வந்தால் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து மலைப்பக்கம் போய்விட ஒரு மக்களால் முடிந்திருக்கும். போக விடாதது நோயல்ல, சட்டம். அந்த இடத்தில் எண்ணம் இல்லை என்ற வாதம் நிற்காது.

விதைப்புல்:

இருவருக்கும் நடுவே விடுபட்டுப்போன ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் புல்வெளிகளைப் பற்றிப் படிப்பவன். "தாமாக வந்தார்கள்" என்பதை மண்ணின் பக்கமிருந்து பார்க்க வேண்டும்.

ஓலோனி மக்கள் உழவில்லை, ஆனால் நிலத்தைப் பேணினார்கள். அறுவடைக்குப் பிறகு புல்வெளிகளுக்கு முறையாகத் தீ வைப்பார்கள். அதனால் புதர் மண்டாமல் விதை தரும் புல்லும் பூச்செடிகளும் மறு ஆண்டு செழிக்கும், மானும் வந்து மேயும், கூடை முடையத் தேவையான இளந்தண்டுகள் நேராக வளரும். விதைகளை வறுத்து இடித்த மாவும், ஓக் கொட்டைகளை இடித்து நீரில் பலமுறை அலசிக் கசப்பு நீக்கிக் காய்ச்சிய கூழும் அவர்களுடைய அன்றாட உணவு. வளைகுடாக் கரையில் எமரிவில், பெர்க்கிலி போன்ற இடங்களில் இருந்த பெரும் சிப்பிமேடுகள் எத்தனை ஆயிரம் ஆண்டுகள் அவர்கள் அங்கே வாழ்ந்து, உண்டு, தம் இறந்தோரையும் அடக்கம் செய்தார்கள் என்பதற்குச் சான்று.

மிஷன் மாடுகளும் ஆடுகளும் குதிரைகளும் அந்தப் புல்வெளிகளில்தான் அவிழ்த்துவிடப்பட்டன. விதை முற்றுவதற்குள் புல் மேயப்பட்டது. கால்நடையோடு வந்த ஐரோப்பியக் களைப்புல் இடத்தைப் பிடித்தது. 1793-இல் ஆளுநர் அரில்யாகா பழங்குடிகள் நிலத்துக்குத் தீ வைப்பதையே தடை செய்தார். மேய்ச்சல் கெடக் கூடாது என்பதே ஸ்பானியர்களின் கவலை. அடுத்து வந்த 1794-95 குளிர்காலத்தில்தான் வளைகுடாப் பகுதி ஊர்கள் பெருந்திரளாக மிஷன்களுக்குள் நுழைந்தன. அதற்குக் காரணம் ஒன்றல்ல. மழை பொய்த்தது, நோய் பரவியது, உறவினர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். ஆனால் களஞ்சியமாக இருந்த நிலத்தை மேய்ச்சல் காடாக்கிவிட்டு, பசியோடு வந்தவருக்குக் கூழ் ஊற்றியதை மட்டும் கருணை என்று எழுதினால் கதையின் முதல் பாதி காணாமல் போகும். இன்று ஓலோனி வழித்தோன்றல்களான அமா முட்சுன் மக்கள் தங்கள் முன்னோர் நிலத்தில் அந்தத் தீ முறையை மீண்டும் கற்றுச் செய்துவருகிறார்கள்.

நான்காம்வகுப்புத்தாய்:

எல்லோருக்கும் நன்றி. அழுததற்காக அடித்தார்கள் என்ற வரியை என் மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் இன்னொரு கேள்வி கேட்கிறாள்: அவர்கள் திருப்பிச் சண்டை போடவில்லையா? இன்றும் அவர்கள் இருக்கிறார்களா? இரண்டுக்கும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையஆசிரியை:

அம்மா, ஓடிப்போனதே முதல் எதிர்ப்புதான். பின்னும் உண்டு. 1812 அக்டோபரில் சான்டா குரூஸ் மிஷனில் ஆந்திரேஸ் கின்தானா என்ற பாதிரியாரை அங்கிருந்த மக்களே கொன்றார்கள். நுனியில் கம்பி பொருத்திய புதிய சவுக்கு ஒன்றை அவர் செய்யச் சொல்லியிருந்ததும், அதைப் பயன்படுத்தப் போகிறார் என்ற அச்சமுமே காரணம் என்று லொரென்சோ அசிசாரா சொல்லியிருக்கிறார். அவர் அதே மிஷனில் பிறந்தவர். தம் தந்தையிடம் கேட்டறிந்ததை 1877-இல் ஒரு வரலாற்றுச் சேகரிப்பாளரிடம் சொன்னார். நோயாளி ஒருவரைப் பார்க்க வரும்படி இரவில் அழைத்துச் சென்று கொன்றார்கள். முதலில் இயற்கை மரணம் என்றே நம்பினார்கள், பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மிஷன் வாழ்க்கையை உள்ளிருந்து ஒரு பழங்குடி மனிதர் தம் வாயால் சொன்ன மிக அரிய சாட்சியங்களில் அது ஒன்று.

உங்கள் ஊர் மிஷனிலேயே 1828-29-இல் எஸ்தானிஸ்லாவோ கிளர்ந்தெழுந்தார். அவர் ஓலோனி அல்லர், உட்பகுதிப் பள்ளத்தாக்கின் யோக்குட்ஸ் குலத்தவர். இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. கரையோர மக்கள் இறக்க இறக்க, மிஷன்கள் ஆட்களைத் தேடி மேலும் மேலும் உள்நாட்டுக்குப் போயின. அதனால் 1820-களில் மிஷன் சான் ஹோசேயில் யோக்குட்ஸ், மீவோக் மக்களே பெருந்தொகையாக இருந்தார்கள். ஆகவே அந்த நினைவுக்கல்லின் கீழ் இருப்பவர்கள் எல்லோரும் ஓலோனி அல்லர். அந்த வாசகத்தில் திருத்த வேண்டியது "உதவிய" என்ற சொல் மட்டுமன்று.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பழி முழுவதும் ஸ்பெயினுக்கு உரியதன்று. 1834 முதல், அப்போது கலிஃபோர்னியாவை ஆண்ட மெக்சிகோ அரசு மிஷன்களைக் கலைத்தபோது நிலத்தில் ஒரு பங்கு பழங்குடிகளுக்குச் சேர வேண்டும் என்பதே திட்டம். நடைமுறையில் அந்த நிலங்கள் செல்வாக்குள்ள குடும்பங்களின் பெரும் பண்ணைகளாயின, மிஷன்களைக் கட்டியவர்கள் அந்தப் பண்ணைகளில் கூலிகளானார்கள். 1850-இல் அமெரிக்க மாநிலமான கலிஃபோர்னியா, இந்தியர்களின் "பாதுகாப்புக்கு" என்ற பெயரில் இயற்றிய சட்டம் அவர்களுடைய குழந்தைகளை வெள்ளையர் வீடுகளில் வேலைக்குப் பிணைக்க வழி செய்தது. மறு ஆண்டு அந்த மாநிலத்தின் முதல் ஆளுநர், அந்த இனம் அழியும் வரை போர் தொடரும் என்று சட்டமன்றத்துக்குச் செய்தி அனுப்பினார். 1770 வாக்கில் குறைந்தது 10,000 என்று கணிக்கப்படும் ஓலோனி மக்கள் 1832-இல் 2,000-க்கும் கீழே வந்திருந்தார்கள். எஞ்சியவர்கள் மேல்தான் இந்த அடி விழுந்தது.

சொல்வேர்:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இருக்கிறார்கள். அதே ஊரில், உங்கள் அண்டை அயலில் இருக்கிறார்கள்.

1925-இல் ஆல்ஃபிரட் குரோபர் என்ற பெரும் மானிடவியலாளர் கலிஃபோர்னிய இந்தியர்களைப் பற்றிய தம் கையேட்டில், இந்த மக்கள் நடைமுறையில் அழிந்துவிட்டார்கள் என்று எழுதினார். அந்த நேரத்தில் பிளசன்ட்டன் அருகே அலிசால் என்ற குடியிருப்பைச் சேர்ந்த ஓலோனி குடும்பங்கள் உயிரோடு இருந்தன. அரசு ஆவணங்கள் அவர்களை வெரோனா குழு என்று குறித்தன. 1927-இல் இந்திய விவகார அலுவலர் ஒருவர் அவர்களுக்கு நிலம் தேவையில்லை என்று எழுதி, அரசின் பழங்குடிப் பட்டியலிலிருந்து கழற்றிவிட்டார். அவர்களுடைய வழித்தோன்றல்களான முவெக்மா ஓலோனி மக்கள் கூட்டரசின் அங்கீகாரத்துக்கு மனுச் செய்தார்கள். 2002-இல் அது மறுக்கப்பட்டது. "முவெக்மா" என்றால் சோச்செனியோ மொழியில் மக்கள் என்று பொருள். தாங்கள் மக்கள் என்பதை மெய்ப்பிக்க அவர்கள் எடுத்து வைத்த சான்றுகளில், தங்கள் முன்னோரின் பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் பாதிரியார்கள் எழுதிய அதே மிஷன் பதிவேடுகளும் அடங்கும்.

மொழியைப் பற்றி ஒரு செய்தி. கார்மல்யாத்ரிகன் அவர்களுக்கு இது மகிழ்ச்சி தரும் என்று நினைக்கிறேன். சான் ஹுவான் பவுதிஸ்தாவில் பணியாற்றிய ஃபெலிப்பே அரோயோ தெ லா குவெஸ்தா என்ற பாதிரியார் முட்சுன் மொழியைக் கற்று, அதற்கு இலக்கணமும் ஆயிரக்கணக்கான வாக்கியங்கள் கொண்ட சொல்தொகுதியும் எழுதி வைத்தார். ஒரு நூற்றாண்டு கழித்து ஜான் ஹாரிங்டன் என்ற மொழியியலாளர், முட்சுன் பேசிய ஆஸென்சியோன் சொலோர்சானோ 1930-இல் இறக்கும் தறுவாயில் அவருடைய படுக்கை அருகே உட்கார்ந்து எழுதினார். ரும்சென் அறிந்த இசபெல் மெடோஸ், தொண்ணூறு வயதை நெருங்கும் வேளையில் கார்மலை விட்டு வாஷிங்டன் வரை போய், 1939-இல் அங்கேயே இறக்கும் வரை தாம் அறிந்த அனைத்தையும் ஹாரிங்டனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல், பாட்டு, மருந்துச்செடி ஆகியவற்றோடு, மிஷனில் நடந்த அநியாயங்களையும் அவர் விடவில்லை. ஹாரிங்டன் எழுதிய இத்தகைய குறிப்புகளிலிருந்துதான் இன்றைய தலைமுறை முட்சுன்னையும் சோச்செனியோவையும் மீண்டும் கற்கிறது. 2016-இல் முட்சுன் அகராதி வெளிவந்தது. பாதிரியாரின் இலக்கணம் உதவியது. ஆனால் இந்த மூதாட்டிகள் விட்டுக்கொடுக்காமல் காத்து வைத்ததால்தான் அந்தச் சொற்களுக்கு உயிர் இருந்தது என்பதை நான் முதலில் சொல்வேன்.

கார்மல்யாத்ரிகன்:

இரண்டு நாட்களாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 2015-இல் போப் பிரான்சிஸ் வாஷிங்டனில் செர்ராவைப் புனிதராக அறிவித்தபோது நான் மகிழ்ந்தேன். 2020 ஜூனில் கோல்டன் கேட் பூங்காவில் அவருடைய சிலையைக் கவிழ்த்தபோது வருந்தினேன். சிலை கவிழ்ப்பை இன்றும் நான் ஏற்கவில்லை; அவருடைய பக்தியை ஐயப்படவும் மாட்டேன். ஆனால் மனைவியையும் மகளையும் பறிகொடுத்து அழுத அந்த மனிதரின் வாக்குமூலத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அவரும் திருமுழுக்குப் பெற்றவர். என் சபையின் பிள்ளை. அடித்தவரின் பக்கம் மட்டும் நின்று இத்தனை நாள் பேசினேன் என்பது எனக்கு உறைக்கிறது. சான் பிரான்சிஸ்கோ மிஷன் வளாகத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பழங்குடி மக்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அடுத்த முறை அங்கே போகும்போது அவர்களுக்காக ஜெபிப்பேன்.

குழந்தையின் கட்டுரையில் கொலை என்ற சொல் வேண்டாம் என்பதில் நான் இன்னும் உறுதியாக இருக்கிறேன். "போகவிடவில்லை" என்று எழுதினால் போதும். அது உண்மை, குழந்தைக்கும் புரியும்.

ஏடுதேடி:

ஐயா, அந்தச் சொல்லை நானும் ஏற்கிறேன். என் நெடிய பதிலைவிட அது தெளிவாக இருக்கிறது.

சகோதரிக்கு ஒரு குறிப்பு: 21 மிஷன்களின் பதிவேடுகளையும் ஹன்டிங்டன் நூலகம் கணினியில் தொகுத்திருக்கிறது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட திருமுழுக்குகள் அதில் உள்ளன. பல பதிவுகளில் ஸ்பானியப் பெயரோடு அவர் பிறந்த ஊரும், சிலவற்றில் பெற்றோர் வைத்த பெயரும் இருக்கும். உங்கள் மகள் நாலாயிரம் என்ற எண்ணோடு நின்றுவிடாமல், சான் ஹோசே பதிவேட்டில் தன் வயதுள்ள ஒரு சிறுமியைத் தேடிப் பார்க்கலாம்.

நான்காம்வகுப்புத்தாய்:

நேற்றிரவு தேடினோம். தன் வயதுச் சிறுமிகள் பலர் இருப்பதைப் பார்த்து ஒருத்தியை மட்டும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று என் மகள் தயங்கினாள். பிறகு ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள். கட்டுரையின் முதல் வரியை அவளே எழுதினாள்: "இந்தத் தேவாலயத்தைக் கட்டியவர்களை வீட்டுக்குப் போகவிடவில்லை." அடுத்த வரியில் அந்தச் சிறுமியின் ஊர்ப்பெயரை எழுதியிருக்கிறாள். அதை எப்படி உச்சரிப்பது என்று கேட்கிறாள். ஸ்பானியர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துகள்தான் எங்களிடம் இருக்கின்றன. சொல்வேர் அவர்களே, சோச்செனியோ ஒலிகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அவள் அதை வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டும்.